போர் தண்ணிக்கு சாஃப்ட்னரா, ஆர்ஓவா, பைப்ல மாட்டற காந்தமா? எங்க வீட்டு அனுபவம்

தஞ்சாவூருக்கு வெளில வீடு கட்டிக் குடி வந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள கீசர் காயில் ரெண்டு தடவை போயிடுச்சு. ரெண்டாவது தடவை கழட்டிப் பார்த்தா காயிலே தெரியல, சுண்ணாம்புக் காரை பூசின மாதிரி விரல் தடிமனுக்கு வெள்ளையா படிஞ்சு கெடந்துச்சு. ஷவர் அடைச்சுக்கறது, சோப்பு நுரைக்காதது, பாத்ரூம் டைல்ஸ்ல வெள்ளத் திட்டு, இதெல்லாம் போர் தண்ணி வீட்டுல இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. டவுனுக்குள்ள கொள்ளிடம் தண்ணி வர்ற வீடுகள்ல இவ்ளோ தொல்லை இல்ல. எங்க தெருவுக்கும் அது வருது, ஆனா குடிக்க சமைக்க புடிச்சு வெச்சுக்கற அளவுக்குத்தான், குளிக்கறது துவைக்கறது எல்லாம் போர்தான்.

லேப்ல குடுத்துப் பார்த்தப்ப ஹார்ட்னஸ் (தண்ணில கரைஞ்ச கால்சியம், மக்னீசியம் அளவு) 480, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 900 சொச்சம்னு வந்துச்சு, ரெண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 படி ஹார்ட்னஸ் 200 வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 600 வரை போகலாம். இந்த லேப் டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க. கைல டிடிஎஸ் மீட்டரோட வர்றவர் தண்ணில முக்கி நம்பரக் காட்டி பயமுறுத்துவார், அது மொத்த உப்பைத்தான் காட்டும், அதுல கால்சியமும் மக்னீசியமும் எவ்ளோன்னு சொல்லாது. காயில்ல படியறது அந்த ரெண்டாலதான்.

ஆர்ஓ குடிதண்ணிக்கு சரி. வீடு முழுக்க ஆர்ஓன்னா கழிவா வெளில போற தண்ணியே சுத்தமாகி வர்றத விட ஜாஸ்தி ஆயிடும், அத நான் யோசிக்கவே இல்ல. பைப்ல மாட்டற காந்தம், எலக்ட்ரானிக் கருவி இதெல்லாம் உப்பும் வேணாம் வேலையும் இல்லன்னு சொல்லித்தான் விக்கறாங்க, ஆனா கால்சியம் தண்ணிலயேதான் இருக்கும். தெரிஞ்சவங்க ரெண்டு பேர் போட்டிருக்காங்க, ஒருத்தர் படியறது லேசா தொடச்சாலே வந்துடுதுங்கறார், இன்னொருத்தர் ஒரு வித்தியாசமும் இல்லங்கறார். நான் போட்டுப் பார்க்கல, அதனால இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

நாங்க வாங்கினது கைல வால்வ் திருப்பற சாஃப்ட்னர், உள்ள 25 லிட்டர் ரெசின், அதாவது குட்டி குட்டி பிளாஸ்டிக் மணி மாதிரி இருக்கறது. ரெசின் கால்சியம் மக்னீசியத்த புடிச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்த விடும், நெறைஞ்சதும் உப்புத் தண்ணி விட்டுக் கழுவினா மறுபடி வேலை செய்யும், அவ்ளோதான் விஷயம். டிடிஎஸ் கொறையாது, உப்புக் கரிக்கற தண்ணி அப்படியேதான் கரிக்கும். அதனால நாகை, வேதாரண்யம் பக்கம் கடல் உப்பு ஏறின போருக்கு இத வாங்கி ஏமாறாதீங்க.

இப்ப முக்கியமான சங்கதி, உப்புச் செலவு. விக்கறவங்க விலையத்தான் பேசுவாங்க, மாசாமாசம் எவ்ளோ உப்புன்னு நாமளாக் கேட்டாத்தான் வாய் தெறப்பாங்க. கணக்கு சிம்பிள்தான். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் ஹார்ட்னஸ் புடிக்கும், 25 லிட்டருக்கு 1,250 கிராம். எங்க தண்ணில லிட்டருக்கு அரை கிராம்னு வெச்சா 2,500 லிட்டர் ஓடினதும் கழுவணும். முதல்ல டாய்லெட், தோட்டம், கார் கழுவறது எல்லாத்துக்கும் இதுலயே விட்டோம், நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டியதாப் போச்சு, மனைவிக்கும் எனக்கும் அலுத்தே போச்சு. அப்புறம் மாடில தனியா 500 லிட்டர் டேங்க் ஒண்ணு வெச்சு குளிக்க, கீசருக்கு, வாஷிங் மெஷினுக்கு மட்டும் சாஃப்ட் தண்ணின்னு பிரிச்சோம், நாளைக்கு 300 லிட்டர்தான் ஆவுது. இப்ப எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 4 கிலோ உப்பு, மாசம் 15 கிலோ. வீடு கட்டும்போதே பைப் லைன பிரிச்சுடுங்க, அப்புறம் செவுத்த ஒடைக்கற வேலை வேணாம்.

உப்புலயும் விஷயம் இருக்கு. வேதாரண்யம் உப்பு நமக்குப் பக்கம்தான், சல்லிசா கெடைக்குதுன்னு மூட்டையா வாங்கிட்டேன். கைல எடுத்தாலே ஈரமா பிசுபிசுன்னு ஒட்டுச்சு, அடில மண்ணும் இருந்துச்சு. அந்த ஈரத்துக்குக் காரணம் அதுல இருக்கற மக்னீசியம் குளோரைடு, அதே மக்னீசியம் ரெசின்ல போய் ஒக்காந்தா கழுவியும் பலன் கொறஞ்சுடும். இப்ப நல்லாக் காஞ்ச, அலசின கல்லுப்பா பார்த்து வாங்கறேன். கழுவ ஒரு மணி நேரம் ஆவும், எப்ப கழுவணும்னு பார்க்க ஒரு சின்ன பாட்டில்ல தண்ணியும் ரெண்டு சொட்டு லிக்விட் சோப்பும் விட்டுக் குலுக்கிப் பார்ப்பேன், நுரை நிக்கலன்னா நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் இந்த வேலைய தானாப் பண்ணிடும், வெளியூர் அடிக்கடி போறவங்க, வயசானவங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு அதான் சரி. ஆனா எந்த சாஃப்ட்னரா இருந்தாலும் டேங்குக்குக் கீழ மாட்டினா பிரஷர் பத்தறது கஷ்டம், டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் 1 பார் (பிரஷரோட அளவு) கெடைக்கும். எங்களுது மோட்டார் லைன்ல, டேங்குக்கு முன்னாடி.

போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, கீசர் காயில் அப்படியே இருக்கு, சோப்புத்தூள் பாதிதான் ஆவுது. ரெசின் எத்தனை வருஷம் வரும்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது. போர் தண்ணி வாளில வெச்சு மறுநாள் செவந்து போனா இரும்பு இருக்குன்னு அர்த்தம், சாஃப்ட்னருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் வேணும், இல்லன்னா ரெசின் கெட்டுடும். அம்மாவுக்கு பிபி இருக்கறதால இந்தத் தண்ணிய சமையலுக்கு விடறதே இல்ல, 480 ஹார்ட்னஸ் எடுத்தா லிட்டருக்கு 220 மில்லிகிராம் சோடியம் கூடும். கழுவின உப்புத் தண்ணிய வாழைக்கோ கீரைக்கோ விட்டுடாதீங்க, நம்ம களிமண்ணுல சோடியம் ஏறினா இறுகிப் போய் தண்ணி உள்ள எறங்காது. நான் பைப் போட்டு நேரா சாக்கடைக்கு விட்டிருக்கேன்.