தக்கையா, ஈயமா?

மதுரைப் பக்கம் தூண்டில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கண்மாயில்தான் தொடங்குவார்கள். அங்கே நூலில் கட்டி நீரில் மிதக்கவிடும் தக்கை போதும். வைகை அணை வேறு கதை. நீர்மட்டம் 71 அடி வரை ஏறும் இடம்.

தக்கையின் வசதி, மீன் தொட்டால் கண்ணுக்குத் தெரியும். கை பழகாதவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில். தக்கையை ஏற்றி இறக்கி இரண்டுக்கும் முயலலாம். ஆனால் மிர்கால் அடியில் மேய்வது. ஆழமான இடத்தில் அதற்குத் தக்கை கட்டினால் தக்கைக்குக் கீழே தூண்டில் நரம்பு நீண்டு தொங்கும், வீசவே முடியாது.

ஈயக்குண்டு கட்டினால் இரை நேராகத் தரைக்குப் போய்விடும். அமெரிக்கப் பெரிய ஏரிகளில்கூடக் கோடையில் ட்ரவுட்டும் சால்மனும் குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே இறங்கிவிடும். அங்கேயும் எடை கட்டித்தான் இரையை ஆழத்துக்கு அனுப்புகிறார்கள். தொல்லை என்னவென்றால், கல்லிலும் கட்டையிலும் ஈயம் மாட்டும். ஒரே காலையில் நான்கு தூண்டில் முள்ளை இழந்திருக்கிறேன். அப்புறம்தான் ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் தனியாகக் கட்டக் கற்றேன். மாட்டினால் நூல் அறுந்து ஈயம் போகும், முள்ளும் மீனும் மிஞ்சும்.

புதியவர் என்றால் முதலில் தக்கை, கண்மாயில். அணைக்கு ஈயம். சரி, அணையில் தூண்டில் போட அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுப் பையைத் தூக்குங்கள்.