டைப்பிங் கடையில் அபிடவிட் வாங்கினால் தீர்ப்புகளைச் சரிபாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வரும் கட்சிக்காரர்கள் இப்போது ஏமாறும் விதமே வேறு. 'சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட அரை மணியில அபிடவிட் ரெடி' என்கிறார்கள் டைப்பிங் கடையில். அபிடவிட் என்றால், சொல்வது உண்மை என்று கையெழுத்துப் போட்டுத் தரும் பிரமாணப் பத்திரம். பத்துப் பக்கம், ஐந்து தீர்ப்பு. எழுதியது சாட்ஜிபிடி என்ற ஏஐ என்பதை மட்டும் சொல்வதில்லை.

அப்படி வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கு மனுவில் 'பங்காளி' என்ற சொல் இங்கிலீஷில் 'பார்ட்னர்' ஆகியிருந்தது. பாட்டன் சொத்து, கூட்டு வியாபாரச் சொத்தாக மாறிவிட்டது! காட்டியிருந்த தீர்ப்பைத் தேடி அதில் சொன்ன தீர்ப்புத் தொகுதியில் அதே பக்கத்தைப் பிரித்தால், ஏதோ வரி வழக்கு பாதியில் ஓடுகிறது. அப்படியொரு தீர்ப்பே கிடையாது. ஆனால் 'எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்று கீழே கையெழுத்துப் போட்டது கட்சிக்காரர். நீதிபதி கேட்டால் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார்.

ஏஐ அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுகிறது. வாதி பெயர், ஆண்டு, பக்க எண் என்ற அச்சு அதற்கு அத்துப்படி, உள்ளே இருப்பது கற்பனை. 'இது நிஜமா?' என்று அதனிடமே கேட்காதீர்கள். 2023இல் நியூயார்க்கில் ஒரு வக்கீல் அப்படித்தான் கேட்டார், அதுவும் நிஜம் என்றது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சந்தேகம் எழுந்த பிறகும் அந்தத் தீர்ப்புகளை விடாமல் பிடித்துக்கொண்டதைத்தான் நீதிபதி கடுமையாகக் கண்டித்தார்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்றால் நியூட்ரல் சைட்டேஷன், அதாவது கோர்ட்டே தீர்ப்புக்குத் தரும் அடையாள எண், கேளுங்கள்: ஆண்டு, ஐஎன்எஸ்சி, வரிசை எண். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புத் தளமான இ-எஸ்சிஆரில் இலவசமாகத் தேடலாம். தீர்ப்பு கிடைத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பெயர் நிஜமாக இருந்து, மேற்கோள் காட்டிய பத்தி மட்டும் பொய்யாக இருப்பதுதான் கண்ணில் படாமல் போகிறது. பத்தி எண்ணைப் பிடித்துப் படியுங்கள். சர்வே எண், பத்திர எண், தேதிகளை மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

கனடா ஃபெடரல் கோர்ட்டில் ஏஐ எழுதிய பகுதி இருந்தால் ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும். நம் கோர்ட்டிலும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஏற்கெனவே தாக்கல் ஆகிவிட்டதா? அடுத்த வாய்தாவுக்குள் அந்தத் தீர்ப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக வக்கீல் மூலம் மெமோ (கோர்ட்டுக்குத் தரும் சிறு எழுத்துக் குறிப்பு) போடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வக்கீலே இப்படிச் செய்திருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 2024 மே 14இல் சுப்ரீம் கோர்ட் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. வக்கீல்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலில் புகார் தரலாம். டைப்பிங் கடை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்குக் கையில் ரசீது வேண்டும், காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.