கிறிஸ்துமஸ் மரம் மொத்தமாக வாங்குகிறீர்களா? ஒரு தொட்டியையாவது கவிழ்த்துப் பாருங்கள்

நாகர்கோவில் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். போன வருடம் நவம்பர் கடைசியில் 150 கிறிஸ்துமஸ் மரத் தொட்டிகள் வாங்கி நன்றாக ஏமாந்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அதே செடிப் படங்கள், வேறு பெயரில், வேறு நம்பரிலிருந்து எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் நர்சரிக்கு டிசம்பர்தான் அறுவடை. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழை. சேற்றை மிதித்துக்கொண்டு செடி வாங்க யார் வருவார்கள்? தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுவது மிச்சம், ஆட்களுக்குக் கூலி கொடுப்பது நிற்காது. டிசம்பர் பிறந்து வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்க ஆரம்பித்ததும் கூட்டம் வரும். குடிலுக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரமாக வைக்க அரக்கேரியா, வாசலுக்குச் சிவப்பாக நிற்கிற பாயின்செட்டியா, கோயில் படிக்கட்டுக்குச் சாமந்தி. மூன்று வாரம் ஓடுகிற இந்த வியாபாரத்தில்தான் மழைக்கால மளிகைக் கடன் அடையும்.

பாயின்செட்டியாவை நானே வளர்க்கிறேன். கள்ளிச் சாதி அது, கிள்ளினால் பால் வரும். சிவப்பாக இருப்பது பூ இல்லை, இலை. நடுவில் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, அதுதான் பூ. நீண்ட இரவு, இடையில் துளி வெளிச்சம் படாத இருட்டு கிடைத்தால்தான் இலை சிவக்கும். என் நர்சரிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. அதனால் அக்டோபர் முதல் வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் 5 மணிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, காலை 8 மணிக்கு எடுப்போம். இரண்டு மாதம், மழையோ காய்ச்சலோ, ஒருநாள் விடக் கூடாது.

கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் விற்கிற அரக்கேரியா வேறு கதை. விதை போட்டு விற்கிற உயரத்துக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும், என்னிடம் அவ்வளவு இடமும் இல்லை. வெளியிலிருந்துதான் வரவழைப்பேன். இரண்டடிச் செடி அப்போது மொத்த விலையில் 260, 280 ரூபாய். ஒரு புரோக்கர் 120 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்.

முன்பின் தெரியாதவர் இல்லை. ஆகஸ்டில் அவரிடம் 40 குரோட்டன்ஸ் வாங்கியிருந்தேன், ஒன்றுகூடச் சோடை போகவில்லை. அது தூண்டில் புழு என்று இப்போது தெரிகிறது. விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, "பண்ணையைக் காலி பண்றாங்க அண்ணாச்சி, நாளைக்கு லோடு ஏறணும், வேணுமா வேணாமா?" என்றார். பத்தாயிரம் உடனே அனுப்பினேன். மீதி எட்டாயிரம் வண்டி வந்ததும்.

வண்டி வந்தது இரவு பத்தரைக்கு. மழை, கரண்ட் வேறு இல்லை. டிரைவர் அவசரப்பட்டார். செடிகளைச் சணல் கயிற்றால் மேல்நோக்கிக் கட்டி, அடியில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன், பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று தண்டு. அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அடர்த்தியாகத் தெரிய மூன்று நான்கு கன்றுகளை ஒரே தொட்டியில் வைப்பது தொழிலில் வழக்கம்தான். பணத்தை அனுப்பினேன். லாரி வாடகை 2,600 தனி.

ஒன்பது நாளில் 43 தொட்டிகள் விற்றன, ஒன்று 350 ரூபாய். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு டீச்சரம்மா தொட்டியோடு வந்தார். செடி மங்கிப்போய், நுனி தொங்கியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க டீச்சர்." நர்சரிக்காரன் எல்லோரிடமும் இந்த வசனம் இருக்கிறது. செடி செத்தால் ஒன்று தண்ணீர் அதிகம், இல்லை தண்ணீர் குறைவு. எப்படிப் பார்த்தாலும் வாங்கியவர் தப்பு. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. தண்டைப் பிடித்து மேலே தூக்கினார். சோற்றில் குத்திய ஊதுபத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் சாய்வாக வெட்டிய தழும்பு. ஒரு நூல் வேர்கூட இல்லை.

அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு மீதி 107 தொட்டிகளையும் கவிழ்த்தோம். 61 தொட்டிகளில் வேரே கிடையாது. மழைக்காலக் குளிர்ச்சியும் ஈர மண்ணும் இருந்ததால் வெட்டிய கிளைகள் அத்தனை நாள் பச்சையாக நின்றிருக்கின்றன. மீதி 46-இல் கொஞ்சம் வேர் இருந்தது, ஆனால் அவையும் மரம் ஆகாது. காரணம், எல்லாமே பக்கக் கிளைகள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இதில்தான் சூட்சுமம். விதையிலிருந்து வந்த அரக்கேரியாவில் நடுத்தண்டு ஒன்று நேராகப் போகும். அதைச் சுற்றி, குடைக் கம்பி மாதிரி, எல்லாப் பக்கமும் கிளைகள் அடுக்கடுக்காக வரும். பக்கக் கிளையில் அப்படி வராது. இரண்டு பக்கம் மட்டும், பறவை இறகு மாதிரித் தட்டையாக இருக்கும். அந்தக் கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைத்தாலும் அது தன்னைக் கிளை என்றேதான் நினைத்துக்கொள்ளும். எத்தனை வருடமானாலும் படுத்துத்தான் வளரும். மூன்று தட்டைக் கிளைகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டியதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டையாகத் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கட்டு இருந்தால் அழகாக இருக்கிறது என்று ரிப்பனையும் அதன் மேலேயே சுற்றி விற்றிருக்கிறேன்! இரண்டு மாதம் மணி பார்த்துத் துணி போர்த்திய எனக்கு, ஒரே ஒரு தொட்டியைக் கவிழ்க்க இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

புரோக்கருக்குப் போன் போட்டேன். எடுத்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். "லோடு ஏறும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க தண்ணி அதிகமா விட்டுட்டீங்க அண்ணாச்சி" என்றார். என் வசனம் எனக்கே திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

சரி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், திரும்ப விற்பதற்காக வாங்குபவர் சட்டப்படி நுகர்வோரே இல்லை என்றார் தெரிந்த வக்கீல். ஆனால் டீச்சரம்மா நுகர்வோர்; அவர் நினைத்தால் என் மேல் வழக்குப் போடலாம். கையில் பில்லும் இல்லை. செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் எங்கள் தொழிலில் பாதிப் பேர் துண்டுச் சீட்டுகூட எழுதுவதில்லை. ஆன்லைன் பண மோசடிக்கு உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது.

வாங்கியவர்களில் 38 தொட்டிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து தொட்டிகள் யாரிடம் போயின என்று தெரியவில்லை. அந்த 38-இல் பன்னிரண்டு ஒரு கோயில் பீடத்துக்குப் போனவை. ஓசூர்ப் பக்கமிருந்து நல்ல செடி வரவழைத்து 20-ஆம் தேதி மாற்றி வைத்தேன். பீடத்தின் இரண்டு பக்கமும் காய்ந்த குச்சி நிற்க நள்ளிரவுத் திருப்பலி நடந்திருந்தால் நான் அந்தத் தெருவில் நடந்திருக்கவே முடியாது.

இந்த வருடம் வாங்கப் போகிறவர்கள் கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள், கிளை நாலு பக்கமும் வருகிறதா என்று. தண்டைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள், மண்ணும் சேர்ந்து எழும்ப வேண்டும். இரவில் லோடு இறக்கினால் மீதிப் பணத்தை விடிந்த பிறகு கொடுங்கள். பாயின்செட்டியா வாங்கினால் நடுவில் உள்ள மஞ்சள் மொட்டுகளைப் பாருங்கள். மொட்டாக இருந்தால் புதுசு, உதிர்ந்திருந்தால் கிறிஸ்துமஸ் வரை தாங்குவது சந்தேகம். அப்புறம், கவிழ்த்துக் காட்டத் தயங்கும் நர்சரியில் வாங்காதீர்கள், அது என் நர்சரியாகவே இருந்தாலும்.

அந்த 46-இல் பதினொன்று இன்னும் உயிரோடு இருக்கின்றன. தொட்டிக்கு வெளியே படுத்துக்கொண்டு, மயில் தோகை மாதிரி அழகாகத்தான் வளர்கின்றன. யாருக்கும் விற்கவில்லை, வாசலில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் படம் அனுப்பிய புது நம்பருக்குப் பதில் போட்டேன்: "200 வேண்டும். முதலில் ஒரு தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டி வீடியோ அனுப்புங்கள், பணம் உடனே போடுகிறேன்." நீல டிக் விழுந்து ஆறு நாள் ஆகிறது.