கையை எடுத்தால் ‘டப்’: புல்வெட்டியோடு 6 வருடம்

“நீ வச்சிருக்கிற அதே பெட்ரோல் புல்வெட்டியை வாங்கலாம்னு இருக்கேன், எப்படிடா?” என்று நண்பன் போன வாரம் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. ஸ்டார்ட்டர் கயிறு வெடுக்கென்று திரும்ப இழுத்ததில் என் நடுவிரல் வீங்கியிருந்தது. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுபோய் இங்கே வந்து நிற்கிறது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். இந்த 6 வருடத்தில் ஒழுங்காக வெட்டியிருக்கிறது. முழங்கால் உயரப் புல்லிலும் திணறினதே தவிர நின்றதில்லை. ஆயில் மாற்றி, புது ப்ளக் போட்டால் வருடம் முழுக்க ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்த ‘டப்’.

வாங்கிய முதல் நாளிலிருந்தே, வேலை முடிந்து கைப்பிடியை விட்டதும் சைலன்சரில் ஒரு வெடி. தினமும் இல்லை, இரண்டு நாளைக்கு ஒருமுறை. மரத்தில் இருக்கும் காக்கை எல்லாம் பறக்கும். காரணம் பிறகு புரிந்தது. இந்த மெஷினில் ஆக்சிலரேட்டர் லீவரே கிடையாது, எப்போதும் ஒரே வேகம்தான். கைப்பிடியை விட்டதும் ப்ளக்குக்குப் போகும் கரண்ட் நிற்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஆனால் நிற்பதற்குள் எஞ்சின் இன்னும் சில சுற்று சுற்றி, எரியாத பெட்ரோலைக் கொதிக்கும் சைலன்சருக்குள் தள்ளிவிடுகிறது. அங்கே போய் அது பற்றிக்கொள்கிறது. லீவர் இருக்கும் மெஷினில் வேகத்தைக் குறைத்துச் சில நொடி ஓடவிட்டு அணைக்கலாம். இதில் அதற்கு வழியே இல்லை. பிளேடு சீக்கிரம் நின்றால்தான் விரல் மிஞ்சும், அதில் எனக்குச் சண்டை இல்லை. லீவரை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

சரி, அது பெரும்பாலும் தீங்கில்லாத வெடி. வேறொரு வெடி இருக்கிறது. அது பின்னால் சைலன்சரில் கேட்காது, முன்னால், பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் வழியாக வரும். அதற்கு எப்போதும் பெட்ரோல்தான் காரணம் என்று நினைத்துத்தான் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

முன்பக்க வெடி எனக்கு முதலில் வந்தது 3-ஆம் வருடம். டேங்கில் பழைய பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளை, அதாவது ஜெட், அடைத்துக்கொண்டது. ஓடும்போது, பெட்ரோலை உள்ளே தள்ளும் ரப்பர் குமிழை ஒருமுறை அமுக்கினால் ஒரு நொடி சீராகும், உடனே மறுபடி விக்கும். பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கார்புரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைச் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றினேன், முடிந்தது. இன்னொரு முறை கால் மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் வெடிக்க ஆரம்பித்தது. டேங்க் மூடியைத் திருகினேன், ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியில் இருந்த காற்றுத்துளையில் தூசி, அதனால் பெட்ரோல் இறங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த அனுபவத் திமிரில்தான் இந்த முறை ஏமாந்தேன். புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் பிளேடு ‘டங்’ என்று மோதி எஞ்சின் அப்படியே நின்றது. மறுபடி இழுத்தால் கயிறு கையைப் பிடுங்குகிறது, ஏர் ஃபில்டர் பக்கம் புஸ்ஸென்று ஒரு தீ நாக்கு. நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். மெக்கானிக்கும் அதையே கழற்றினார். ப்ளக் மாற்றினார், ப்ளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் மாற்றினார். “இப்ப ஓடும் சார்” என்றார். ஓடவில்லை. கல்லில் அடித்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அது என் தப்பு. அவரும் கேட்கவில்லை, அது அவர் தப்பு.

கடைசியில் ப்ளக் ஒயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டிவிட்டு, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நட்டை நானே கழற்றினேன். புல்லர் போட்டு ஃப்ளைவீலைத் தூக்குவதற்கு முன்பே விஷயம் கண்ணில் பட்டது. கிராங்க் (பிளேடைச் சுழற்றும் தண்டு) காடியும் ஃப்ளைவீல் காடியும் நேராக இல்லை, ஒரு மில்லிமீட்டர் போல விலகி நின்றன. இரண்டையும் பூட்டிவைக்க நடுவில் இருந்த கீ, விரல் நகத்தளவு மெத்தென்ற உலோகத் துண்டு, படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இடம் மட்டும் புதிதாகப் பளபளத்தது.

இவ்வளவு சின்ன விலகலா இந்தப் பாடு படுத்தும் என்றால், படுத்தும். ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும்போதுதான் ப்ளக்கில் பொறி வரும். கல்லில் அடித்து கிராங்க் நின்றுவிட்டது, கனமான ஃப்ளைவீல் நிற்காமல் கொஞ்சம் முன்னே போய்விட்டது. அதனால் பொறி சீக்கிரமே விழுகிறது. பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே எரிந்து அதைக் கீழே தள்ளுகிறது, கயிறு கையோடு போகிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மூடுவதற்குள் பற்றினால் தீ கார்புரேட்டர் வழியாக வெளியே வருகிறது. கீயை மெத்தென்று செய்திருப்பதே கிராங்குக்குப் பதில் அது அடிபடட்டும் என்றுதான். எனவே கையில் கிடைத்த இரும்பைத் தேய்த்துச் செருகும் வேலை மட்டும் வேண்டாம். ஒரிஜினல் கீயைப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன அளவுக்கு நட்டை முறுக்கினேன். பிளேடு நுனியைச் சுற்றிவிட்டு கிராங்க் வளையவில்லை என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒரே இழுப்பு. குளிர்சாதனப் பெட்டி மாதிரி ஓடியது. அரை மணி நேரம் வெட்டிவிட்டு மகிழ்ச்சியோடு கைப்பிடியை விட்டேன்.

‘டப்.’

நண்பனுக்கு “வாங்காதே” என்று ஒரே வார்த்தை அனுப்பிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதை எனக்கு மலிவாகக் கொடுத்துவிடு என்கிறான். அதெல்லாம் கொடுக்க முடியாது.