தயிரா, யாகுல்ட்டா, கேப்சூலா?

குடலுக்கு நல்ல பாக்டீரியா வேண்டுமென்று தயிர், யாகுல்ட் என்ற புளித்த பால் பானம், நல்ல நுண்ணுயிர் அடைத்த கேப்சூல் மூன்றையும் வாங்கிப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டில் நிலைத்தது தயிர்தான். ருசி, விலை பற்றி நீட்ட வேண்டியதில்லை, எது மலிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

யாகுல்ட்டின் பலம், உள்ளே இருப்பது எது என்று பெயரோடு தெரிவது. ஜப்பானில் 1930இல் மினோரு ஷிரோட்டா கண்டெடுத்த லாக்டோபேசிலஸ் பாக்டீரியா வகை அது. 65 மில்லி பாட்டிலில் 650 கோடி இருப்பதாக லேபிளிலேயே போட்டிருக்கும். கூடவே சர்க்கரையும் உண்டு. வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை என்றெல்லாம் சொல்ல முடியாது. உறைக்கு உறை மாறும்.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். இப்படி உள்ளே போகும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை. லாட்ஜில் அறை எடுத்தவர்கள் மாதிரிதான். சாப்பிடுவதை நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடும். அப்படியென்றால் எதை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட முடியும் என்பதுதானே கேள்வி? பாட்டில் தீர்ந்தால் கடைக்குப் போக வேண்டும். தயிருக்கு நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் போதும். காய்ச்சிய பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறை ஊற்றினால், சென்னை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க ஹாட்பாக்ஸில் வைக்க வேண்டும். ரொம்பப் புளித்துவிட்டால் பக்கத்து வீட்டு உறை இருக்கவே இருக்கிறது. ஒன்று, மோர்க்குழம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொதியில் எல்லாம் செத்துவிடும். தயிர்சாதத்துக்கும் சோறு ஆறட்டும்.

கேப்சூலை இந்தப் போட்டியில் சேர்ப்பதே சரியில்லை, அது மருந்து. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வயிறு போகாமலிருக்கச் சில டாக்டர்கள் சாக்கரோமைசிஸ் பவுலார்டி எழுதித் தருவார்கள். அது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. அங்கே தயிரை நம்பச் சொல்ல மாட்டேன். நான் கேப்சூல் சாப்பிட்டது அப்படி ஒரு மருந்துச் சீட்டோடுதான். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம், தயிர்சாதத்தோடு சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஃப்ரக்டான் நார்ச்சத்து நமக்குச் செரிக்காது, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. வாயுத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடலாம்.