கண்டியிலிருந்து நுவரெலியா, எல்ல: நின்று பார்த்துப் போக எந்த வண்டி?

யாழ்ப்பாணத்திலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ சென்னையிலிருந்தோ இலங்கை மலைநாடு பார்க்க வருகிறவர்கள், இங்கேயே இருக்கிற எங்களிடம் முதலில் கேட்பது, "கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு காருக்கு எவ்வளவு எடுப்பாங்க?" என்றுதான். நான் விலை சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பேன்: வழியில் எங்கெங்கே இறங்கப் போகிறீர்கள்? தூரம் எண்பது கிலோமீற்றருக்குள்தான். எங்கும் நிற்காமல் போனால் இரண்டரை, மூன்று மணித்தியாலம். அதற்கு பஸ்ஸே போதும், காசும் கொஞ்சம்தான். தனி வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நினைத்த இடத்தில் இறங்குவதற்காக. அதனால் ஹோட்டல் கார், ஆப், ஸ்டாண்ட் வேன், ஆட்டோ, ரயில் என்று எதை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வண்டி எங்கே நிற்கும் என்று முடிவு செய்வது நீங்களா, டிரைவரா, வேறு யாருமா?

முதலில் பாதை. பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாகப் போகிற ஏ-5 வீதியில் புசல்லாவை வரைக்கும் பெரிதாக நிற்க எதுவுமில்லை, ஒரு பிளேன்ரீயை (பாலில்லாத தேநீர்) தவிர. அதைத் தாண்டியதும் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியத் தொடங்கும். பிறகு வரிசையாக வரும்: வெவண்டன் மலையில் சின்மயா மிஷன் கட்டிய பக்த ஹனுமான் கோவில், 109 மீற்றர் உயர றம்பொடை அருவி, அதையொட்டிய சுரங்கப்பாதை, அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், தேயிலை ஃபெக்டரிகள், லபுக்கலை, வீதியோரத்தில் லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும் கட்டுக்கட்டாக அடுக்கிய மரக்கறிக் கடைகள். பார்க்க வேண்டியதெல்லாம் கடைசி முப்பது கிலோமீற்றர் சொச்சத்துக்குள் நெருக்கியடித்து இருக்கிறது. இது தெரியாமல் "வழியில் ஐந்து இடம்" என்று பேசினால், முதல் இரண்டு இடமும் கண்டி தாண்டுவதற்குள்ளேயே ஒரு மாணிக்கக்கல் கடையும் ஒரு மசாலாத் தோட்டமுமாகப் போய்விடும்.

ஹோட்டலில் சொல்லி எடுக்கிற காரைப் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. வண்டி சுத்தமாக இருக்கும், நேரத்துக்கு வரும், ஏதாவது பிசகினால் கேட்க ஆள் இருக்கும். விலை கூடுதல், ஏனென்றால் நடுவில் ஹோட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு. நேரம் மட்டும் வேண்டும், பேரம் பேச மனமில்லை என்பவர்களுக்கு இது சரி. இணையத்தில் டொலரில் விலை போட்டு விற்கிற பயண இணையதளங்களும் கிட்டத்தட்ட இதே ரகம். முன்கூட்டியே விலை தெரியும், வெளிநாட்டு கார்டில் கட்டலாம். ஆனால் நிறுத்தங்கள் அங்கேயே அச்சடித்த மாதிரி இருக்கும்: இன்ன இடத்தில் இருபது நிமிடம், இன்ன இடத்தில் அரை மணி. கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தால் பாட்டி இருபது நிமிடத்தில் எழுந்து வருவாரா? உங்களிடம் வாங்குகிற டொலரில் எவ்வளவு டிரைவர் கைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. குறைவாகப் போனால் அவர் அதை வழியில் உள்ள கடைகளில் கொமிஷனாக ஈடுகட்டப் பார்ப்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஏற்பாடு அப்படித்தான் ஓடும்.

பிக்மி, ஊபர் என்ற வாடகை வண்டி ஆப்கள் இரண்டும் கண்டி நகரத்துக்குள் நன்றாகவே வேலை செய்யும். மத்திய சந்தையிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குப் போக வேறொன்றும் தேவையில்லை. ஆனால் மலையேறுகிற பயணத்துக்கு ஆப்பை நான் சொல்வதில்லை. ஆப் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும் கருவி. அருவிக்கரையில் முக்கால் மணி நேரம் நிற்பது அதன் கண்ணுக்கு வெறும் காத்திருப்பு. டிரைவருக்கும் அந்த நேரம் நட்டமாகவே தெரியும், முகத்திலும் தெரியும். அதோடு, தேயிலைத் தோட்டப் பக்கம் உள்ளே போனால் சிக்னல் வந்து வந்து போகும். எல்ல, நுவரெலியா போன்ற சுற்றுலா ஊர்களில் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கும் ஆப்பில் ஓடுகிறவர்களுக்கும் இடையே உரசலும் உண்டு. திரும்பி வர ஆப்பில் வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போவது புத்தியில்லை.

நான் பெரும்பாலும் சொல்வது ஊரில் ஹயர் (வாடகைக்கு வண்டி) ஓடுகிற ஒருவரை, தெரிந்தவர் மூலம் பிடிப்பது. கண்டி, ஹட்டன், நுவரெலியா எங்கும் தமிழ் பேசுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். சிங்கள டிரைவர்களிலும் தோட்டப் பக்கம் ஓடிப் பழகியவர்கள் தமிழைச் சமாளித்துவிடுவார்கள். மொழியை விட முக்கியம், முதல் நாளே தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசி முடிப்பது. என் மைத்துனர் குடும்பம் வந்தபோது நான் பேசியது இப்படி:

"அண்ணே, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கண்டியில இருந்து. ஹனுமான் கோவில், றம்பொடை, ஒரு டீ ஃபெக்டரி. அதுக்கு மேல நாங்க சொல்ற ரெண்டு இடத்துல சும்மா ஓரமா நிப்பாட்டணும். பார்க்கிங், உங்க சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி. வயசானவங்க இருக்காங்களா?"

"மாமியார் வர்றாங்க. முழங்கால் வலி."

"அப்ப அருவிக்குக் கீழ இறங்க வேணாம். படி ஜாஸ்தி. பாலத்துக்கிட்ட நிப்பாட்டுறேன், அங்க இருந்தே நல்லாத் தெரியும். ஃபெக்டரியிலயும் மேல் மாடி ஏறணும், அவங்க கீழ உக்காந்து டீ குடிக்கட்டும்."

யார் யார் வருகிறார்கள் என்று தானாகக் கேட்கிற டிரைவர் கிடைத்தால் விலையில் சின்ன வித்தியாசத்துக்காக விட்டுவிடாதீர்கள். பேசி முடித்ததை வட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பிவிடுங்கள்: நேரம், இடங்கள், மொத்தத் தொகை, அதற்குள் என்னென்ன அடக்கம். எழுத்தில் இருந்தால் யாரும் மாற்றிப் பேசுவதில்லை. கடைகளைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடலாம்: "கல் கடை, மசாலாத் தோட்டம் வேணாம் அண்ணே." வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு இது பழக்கம்.

கணக்கில் ஒரு விஷயம் பலருக்கும் புரிவதில்லை. ஒருவழிப் பயணமாக நீங்கள் போனாலும் டிரைவர் வெறும் வண்டியோடு திரும்பி வர வேண்டும், ஆகவே விலை போக வர கிலோமீற்றருக்குத்தான். இதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். முதல் நாள் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு கார், மறுநாள் அங்கிருந்து எல்லவுக்கு இன்னொரு கார் என்று எடுத்தால், இரண்டு வண்டியும் திரும்பிப் போகிற தூரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஒரே காரை இரண்டு நாளும் வைத்துக்கொண்டு எல்லவில் விட்டாலும், அது அதே பாதையில் கண்டிக்குத் திரும்பினால் மொத்தக் கிலோமீற்றர் மாறாது. கூடுவது டிரைவரின் ஒரு இரவு பாட்டாவும் (படிக்காசு), படுக்க இடமும். பல ஹோட்டல்களில் டிரைவருக்கென்று அறை வைத்திருக்கிறார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். குளிர் காலத்தில் நுவரெலியாவில் ஒரு மனுஷனை வண்டிக்குள்ளே தூங்க விடுவது நியாயமில்லை. காலையில் வளைவுகளில் உங்களைக் கொண்டு போகப் போகிறவரும் அவர்தான்.

வண்டியின் அளவிலும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. வேகன்ஆர் மாதிரிச் சின்னக் கார் விலை குறைவு. இருவருக்கு அருமை, மூன்று பெரியவர்களும் பெட்டிகளும் என்றால் மடியில் பை வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். நாலு பேருக்கு மேல் என்றால் கேடிஎச் எனப்படும் பெரிய வேன். அதன் கடைசி வரிசையில் வாந்தி வருகிறவர்களை உட்கார வைக்காதீர்கள். றம்பொடை வளைவுகள் அங்கே தூக்கித் தூக்கிப் போடும்.

ஆட்டோவை நுவரெலியாவுக்குள் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள். கிரகரி ஏரி, 1894ஆம் ஆண்டின் சிவப்புச் செங்கல் தபால் நிலையம், ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளியுள்ள சீதாஎலிய சீதை அம்மன் கோவில் இதெல்லாம் ஆட்டோவுக்கு ஏற்ற தூரம். கண்டியிலிருந்து முழு ஏற்றத்தையும் ஆட்டோவில் வருகிற இளசுகளைப் பார்த்திருக்கிறேன். குளிரும் புகையும் பிடித்து இறங்கும்போது முகத்தில் ஒரு ரசனையும் மிச்சமிருக்காது.

ரயிலுக்கு வருவோம். "கார் எதுக்கு, ரயில்தானே அழகு" என்பவர்கள் பாதி சரி. கவனிக்க வேண்டியது, ரயிலும் ஏ-5 வீதியும் ஒரே மலையின் வேறு வேறு பக்கங்கள். ரயில் நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை என்று சுற்றி நானுஓயாவுக்கு வரும், அதில் றம்பொடை கிடையாது. அதற்குப் பதில் சென். கிளையர் அருவி ஜன்னலில் தெரியும், மேல் கொத்மலை அணை வந்த பிறகு அதில் முன்பு போலத் தண்ணீர் இல்லாவிட்டாலும். கண்டியிலிருந்து எல்ல வரை ஒரே மூச்சில் ரயிலில் போனால் ஆறேழு மணித்தியாலம். இருக்கை கிடைக்காமல் வாசலில் தொங்கியபடி இத்தனை நேரம் வயதானவர்களால் முடியாது. முன்பதிவு திறந்த உடனேயே நல்ல இருக்கைகள் போய்விடும்.

ஆகவே எனக்குப் பிடித்தது கலந்த ஏற்பாடு. முதல் நாள் காரில் ஏ-5 வழியாக நின்று நின்று நுவரெலியா. மறுநாள் காலை டிரைவர் உங்களை நானுஓயா நிலையத்தில் இறக்கிவிட்டு, பெட்டிகளோடு வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவுக்குப் போகட்டும். நீங்கள் வெறுங்கையோடு ரயில் ஏறுங்கள். இந்தத் துண்டுதான் பாதையிலேயே உயர்ந்தது: ஏறத்தாழ 1,890 மீற்றரில் பட்டிப்பொல நிலையம், அதைத் தாண்டிய உச்சிச் சுரங்கம். சுரங்கத்துக்கு முன்னால் மூடுபனியும் யூகலிப்டஸுமாக இருந்தது, ஒஹிய பக்கம் இறங்கியதும் ஊவா மாகாணத்தின் திறந்த மலைகளாக மாறும். ஒரே ரயிலில் இரண்டு நாடு பார்த்த மாதிரி. மூன்று மணித்தியாலம் நின்றுகொண்டு போனாலும் இளையவர்களுக்குச் சலிக்காது, நின்றபடி போகிற மூன்றாம் வகுப்பு டிக்கட் அன்றைக்கே கவுண்டரில் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் இந்தப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சேதமானது. எந்தப் பகுதி ஓடுகிறது என்பதை நிலையத்தில் விசாரித்த பிறகே காருக்குச் சொல்லுங்கள்.

ரயிலில் போனால் ஹக்கலைப் பூங்காவும் சீதை அம்மன் கோவிலும் தவறும், அவை வெலிமடை வீதியில் இருப்பவை. கோவிலுக்கென்றே வந்த தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதல் நாள் மாலையிலேயே போய்விடுங்கள், அல்லது ரயிலை விட்டுவிட்டுக் காரிலேயே எல்லவுக்குப் போங்கள். எல்லவில் இறங்கியபின் கார் இருந்தால் வெல்லவாய வீதியில் இராவணன் அருவிக்கு ஐந்தாறு கிலோமீற்றர். 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வண்டி எப்படியும் கிட்டப் போகாது, கடைசித் துண்டு நடைதான்.

எந்த வழியில் எடுத்தாலும் இருட்டில் மலையேறவோ இறங்கவோ வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த பஸ் விபத்து விடியும் முன் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல வெல்லவாய வீதியில் பதினைந்து பேர் இறந்த விபத்து இரவில். முதலாவது நான் மேலே சொன்ன அதே ஏ-5 பாதை. அருவிகளும் காலையில்தான் நன்றாகத் தெரியும், மதியம் தாண்டினால் லபுக்கலையில் மூடுபனி இறங்கிவிடும். காலை ஏழுக்குப் புறப்பட்டால் இரண்டு மணிக்குள் நுவரெலியா.

இறக்கத்தில் டிரைவர் கியரைக் குறைக்கிறாரா, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வருகிறாரா என்று கவனியுங்கள். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். காப்புறுதி ஹயருக்கு எடுத்ததா, சொந்தப் பாவனைக்கு எடுத்ததா என்பதையும் முன்பே கேட்டுவிடலாம். சொந்தப் பாவனை வண்டியைக் குறைந்த விலைக்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஏதாவது நடந்தால் நட்ட ஈடு சிக்கலாகும். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா, கண்டி, பதுளைக்கு மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், அதற்கு மேல் செம்மஞ்சள், கடைசியாகச் சிவப்பு. செம்மஞ்சள் என்றாலே நான் பயணத்தைத் தள்ளிவைப்பேன். உள்ளூர் டிரைவர் என்றால் பெரும்பாலும் அவரே முந்தின இரவு போன் எடுத்து, "நாளைக்கு வேணாம் தம்பி, நாளான்னிக்குப் போவோம்" என்று சொல்லிவிடுவார். அதற்காக முற்பணத்தைப் பிடிக்கவும் மாட்டார்.