கைமாற்று, திருவிழா, வங்கி: மரபு நெல் விதையை எவ்வழியில் பெறுவது?

பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு நெல் ரகம் ஒன்றை முதன்முறையாகப் பயிரிட விரும்பும் உழவருக்கு, கடையை நாடாமல் விதை பெற மூன்று வழிகள் உள்ளன: பக்கத்து வயல்காரரிடம் நெல்லுக்கு நெல் மாற்றிக்கொள்வது (கைமாற்று), நெல் திருவிழாவில் வாங்குவது, ஊர் விதை வங்கியில் கடன் பெறுவது. உழவர்கள் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடமளிப்பதால், மூன்றுக்கும் சட்டத் தடை இல்லை. ஆகவே, வந்து சேரும் விதையைப் பற்றி வாங்குபவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த அளவுகோலில் கைமாற்றே முதலில் நிற்கிறது. நெல் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், அதில் கலப்பு பெரும்பாலும் களத்திலும், அறுவடை இயந்திரத்திலும், சாக்கிலும்தான் நேர்கிறது. பூக்கும் காலத்திலும் கதிர் முற்றும்போதும் வயலில் இறங்கிக் கலவன் (இடையில் நிற்கும் வேற்று ரகப் பயிர்) பிடுங்கினார்களா, முந்தைய போகத்து நெல் அதே வயலில் தானாக முளைத்து நின்றதா என்பதையெல்லாம் வரப்பில் நின்று பார்த்தவர் அறிவார். சாக்கை மட்டும் பார்ப்பவர் அறிய வழியில்லை. ஆயினும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே சன்ன ரகத்தை நட்டிருக்கும் ஊரில் மாற்றிக்கொள்ள வேறு நெல் இருப்பதில்லை. நிலமற்ற குத்தகைதாரருக்கும் பெண் உழவருக்கும் உறவின் வழியே நடக்கும் இந்த மாற்று எளிதில் எட்டுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தக் குறையை நிரப்பியது திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழா. அதை வளர்த்தெடுத்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைவதற்குள் 150-க்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்டிருந்தார். இரண்டு கிலோ பெறுபவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்கு விதி. ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ விதைக்கும் வழக்கத்தில் இரண்டு கிலோ ஏழெட்டு சென்ட்டுக்கு மேல் காணாது. ஒற்றை நாற்று நடவில் அதுவே முக்கால் ஏக்கர் வரை போதும். அழிந்த ரகத்தை ஊருக்குள் மீண்டும் கொண்டுவர இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பல வயல்களிலிருந்து திரும்பி வரும் விதை ஓரிடத்தில் குவியும்போது, எது யாருடைய வயலில் விளைந்தது என்ற செய்தி அறுந்துபோக வாய்ப்புண்டு.

விதை வங்கி வேறொரு தேவைக்கானது. மரவள்ளி பரவிய கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களுடன் சேர்ந்து இவ்வழியைக் கையாண்டது. நன்கு உலர்த்திய கேழ்வரகு சில ஆண்டுகள் தாங்கும். நெல்லோ கடலோர ஈரக் காற்றில் ஓராண்டுக்குள்ளேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்குவதால், அதை ஆண்டுதோறும் வயலுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்காத வங்கி பெயருக்குத்தான் வங்கி.

ஆகவே நெல்லைப் பொறுத்தவரை, புதிய ரகத்தைத் திருவிழாவில் பெற்று, பின்னர் அதை ஊருக்குள் கைமாற்றில் வாழவைப்பதே என் தேர்வு. எவ்வழியில் வந்தாலும் நூறு மணிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, குறைந்தது எண்பது மணிகள் முளைக்கின்றனவா என்று பார்த்த பிறகே நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு கிலோவைத் திருப்பிக் கட்டும்போது, ரகத்தின் பெயர், விளைந்த ஊர், பயிரின் வயது, கலவன் எடுத்த முறை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி மூட்டைக்குள் வைத்துவிட்டால், முன்பின் அறியாத உழவரும் வரப்பில் நின்று பார்த்தவரைப் போலவே அந்த விதையை அறிந்து வாங்கலாம்.